பகைவன் எங்கே நிற்கிறான்?



காஞ்சி மாநகரில் பட்டு நெய்வோர் தெருக்களில் அதிகாலையில் நடந்து சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். நீண்ட பாவினைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சீராக்குவர். ஒரு வீட்டார் தனித்துச் செய்யக்கூடிய வேலை அன்று அது. அண்டை வீட்டாரும் கை கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் அறிந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பாவிற்கு அடுத்த வீட்டார் கை கொடுக்க வரவில்லை. வரவேண்டாமென்று இவர்களே சொல்லிவிட்டிருந்தனர்.

நடந்தது இதுதான். அவ்வீட்டு மூத்த மகன் இரவில் உறக்கமின்றி எழுந்து உட்கார்ந்து, ஒருவருக்கும் கேளாத குரல்களுக்கு விடை சொல்லத் தொடங்கினான். செபிக்க வந்த வெளியூரார் ஒருவர், இது பசாசின் வேலை என்றும், பிற சமயத்தவரான அடுத்த வீட்டார் வைத்த செய்வினை என்றும் கூறிச் சென்றார். பெற்றோர் நம்பினர். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தகட்டுக்கும் தாயத்துக்கும் போயிற்று. தலைமுறை நட்பு ஒரே நாளில் அறுந்தது. இறுதியாக மகனை நம்மிடம் அழைத்து வந்து, "சாமி, எப்படியாவது பேயை ஓட்டிவிடுங்கள்" என்று தாய் அழுதாள்.

நாமோ மாலைத் திருப்பலிக்கு விரைந்து கொண்டிருந்தோம். தீர்த்தம் தெளித்து, சிறு செபம் சொல்லி அனுப்பிவிட்டோம். "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு சொல் கேட்கவில்லை. நமது அக்குறையை எண்ணி இன்றும் வருந்துகிறோம்.

"அப்படியாயின் பசாசு என்று ஒன்று இல்லை என்கிறீர்களா?" என வாசகர் வினவலாம். உண்டு என்பதே திருச்சபையின் போதனை. 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், தீய ஆவிகள் இறைவனால் நல்லவையாகவே படைக்கப்பட்டு, தம் சொந்தத் தீர்மானத்தால் தீயவையாயின எனக் கற்பித்தது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972 நவம்பர் 15 அன்று ஆற்றிய உரையில், தீமை என்பது வெறும் குறைபாடு மட்டுமன்று, செயலாற்றும் ஓர் ஆவி என்று வலியுறுத்தினார். நம் ஆண்டவர் கற்பித்த செபத்தின் கடைசி மன்றாட்டு அந்த ஆவியையே குறிக்கிறது என்று, 1992-ல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க மறைக்கல்வி நூல் விளக்குகிறது.

ஆனால் இறைவனுக்கு நிகரான எதிர்க்கடவுள் அல்லன் அவன். படைக்கப்பட்டவன், எதையும் படைக்க வல்லவன் அல்லன். நல்லதைத் திரித்துக் காட்டுவதே அவனால் ஆவது. இது நம் நெசவாளருக்கு எளிதில் விளங்கும். தூய சரிகை என்பது பட்டிழைமேல் வெள்ளியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. போலிச் சரிகையும் முதல் நாளில் அதே பளபளப்போடுதான் வருகிறது. அசலைப் போல் தோன்றாவிட்டால் அதை யார் வாங்குவார்? உரைத்துப் பார்ப்பவருக்கே உண்மை தெரியும். பாலைவனத்தில் ஆண்டவரைச் சோதித்தவன் வேதவாக்கியத்தையே எடுத்துச் சொல்லித்தான் சோதித்தான் என்பதை மறவாதிருப்போமாக.

அவனை உரைத்துப் பார்க்கும் கல் எது? அவன் பெயர்களே. சாத்தான் எனும் எபிரேயச் சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன், குற்றஞ்சாட்டுபவன் என்பது பொருள். கிரேக்கப் பெயரோ அவதூறு கூறுபவன் எனப் பொருள்படும். அருளப்பர் நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் அவனைப் பொய்க்குத் தந்தை என அழைக்கிறார். ஆகவே பொய்யும் பழியும் எங்கு நுழைகின்றனவோ, அங்கேதான் அவன் அடிச்சுவட்டைத் தேட வேண்டும்.

மேற்சொன்ன வீட்டிற்கு வருவோம். பகைவன் அவ்விளைஞனிடம் நின்றானா? நோயுற்றவனைப் பேய் பிடித்தவன் என எளிதில் நம்பிவிடலாகாது என 1614-ஆம் ஆண்டின் சடங்கு நூலே பேயோட்டும் குருவை எச்சரித்தது. 1999-ல் திருத்தி வெளியிடப்பட்ட நூலும் அதையே சொல்கிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் அச்சடங்கை நிகழ்த்தலாகாது என்பது திருச்சபைச் சட்டம் 1172. இந்த எச்சரிக்கையை மறந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் தமிழகமே சாட்சி. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இதில் எந்தச் சமயத்தார் எனும் பேதமில்லை. நோயைப் பேய் எனக் கொள்ளும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

அடுத்த வீட்டாரிடம் நின்றானா? நம் போராட்டம் மனிதரோடு அன்று என எபேசியருக்கு எழுதுகிறார் புனித சின்னப்பர். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. கோபுரங்களின் நிழலில் வாழும் நாம் இதை நன்கு பதித்துக்கொள்ள வேண்டும்.

பின் எங்கே நின்றான்? ஆதாரமற்ற ஒரு பழிச்சொல் இரு வாசல்களுக்கு நடுவே விழுந்ததே, அங்கே நின்றான். நோயாளியையும் அயலாரையும் நாம் உற்றுப் பார்த்துக் கொண்டிருக்க, நம் நாவிலேயே அமர்ந்திருந்தான்.

இரு வாரம் கழித்து நாமே அவ்வீட்டிற்குச் சென்றோம். இளைஞனை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருந்தும் செபமும் சேர்ந்தே நடந்தன. இன்று அவன் தறியில் சில மணி நேரம் அமர்கிறான். உறங்காத இரவுகளும் இன்னும் உண்டு. தகட்டுக்குப் போன கடன் முழுதும் அடைபடவில்லை. ஆனால் தாய் ஒரு நாள் அடுத்த வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். அவர்கள் பதிலேதும் சொல்லவில்லை. மறுபாவு நீட்டிய காலையில் வந்து இழை பிடித்தனர்.

பாஸ்கா இரவில் மெழுகுதிரி ஏந்தி, பசாசை விட்டுவிடுகிறோம் என ஆண்டுதோறும் வாக்களிக்கிறோம். அவ்வாக்குறுதியை நாள்தோறும் நிறைவேற்ற ஒரு சிறு வழி சொல்வோம். இரவுக் குடும்பச் செபத்தின் முடிவில் ஒரு நிமிடம் மௌனமாயிருந்து, "இன்று யார்மேல் சான்றின்றிக் குற்றம் சுமத்தினேன்?" என ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வீர்களாக. விடை கிடைத்தால், பொழுது விடிந்ததும் அவ்வாசலுக்குச் செல்வீர்களாக. பகைவன் அஞ்சுவது அந்த நடையைத்தான்.