பருவமில்லா நாட்டில் பருவ உடைகள்



கோடை, குளிர், இலையுதிர் என்று பருவத்திற்கு ஒரு பெட்டி உடை வைத்துக்கொள்ள வேண்டிய நாடு அன்று நம் மலேசியா. வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று என இரண்டை வகுப்பில் கற்பிக்கிறோம். ஆனால், எந்த மாதமானாலும் பகலில் வெயில் 30 பாகையைத் தாண்டிவிடும். மாலையில் மழை வந்தால் குடை போதும். கேமரன் மலைக்குப் போகிறவர்கூட ஒரு கம்பளிச் சட்டையோடு போய்வந்துவிடுகிறார்.

ஆயினும் நம் பேரங்காடிகளில் பருவங்கள் உண்டு. அவை வானத்திலிருந்து வருவதில்லை, நாள்காட்டியிலிருந்து வருகின்றன. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு. நோன்புப் பெருநாளுக்குப் பச்சையும் இளவண்ணங்களும். தீபாவளிக்கு ஊதாவும் மயிற்கழுத்து நிறமும். டிசம்பரில் பஞ்சினால் செய்த பனி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி டிசம்பர் மாதத்தைப் பற்றி எழுதுகையில், ‘அப்பொழுது மிகவும் குளிராக இருக்கும், நாம் கழுத்தில் துணி சுற்றிக்கொள்வோம்’ என்று எழுதியிருந்தாள். எங்கே கண்டாய் என்று கேட்டேன். பேரங்காடியில் பொம்மைகள் அப்படித்தான் உடுத்தியிருந்தன என்றாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? கண்ணால் கண்டதைத்தானே எழுதினாள்!

இந்தப் பருவங்களுள் நம் பிள்ளைகளை நேரடியாகத் தொடுபவை இரண்டு. ஒன்று தீபாவளி, மற்றொன்று பள்ளி திறப்பு. இவை இரண்டும் மீண்டும் நெருங்கி வந்துவிட்டன என்பதைப் பெற்றோர்கள் தம் பணப்பையில் உணர்ந்திருப்பார்கள். 2022 முதல் சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப்போயிருந்தது. 2026இல் அது ஜனவரிக்குத் திரும்பியது. 2025ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20ஆம் நாள். அன்றிலிருந்து பள்ளி திறக்கும் வரை மூன்று மாதம்கூட இல்லை. புத்தாடைக்குச் செலவழித்த கை, சீருடை, காலணி, புத்தகப்பை என்று உடனே மறுபடியும் நீள வேண்டியிருந்தது. 2023 முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்க்கும் வழங்கப்பட்டுவரும் 150 ரிங்கிட் தொடக்க உதவி நல்ல உதவிதான். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கடைக்குச் சென்று வந்தவரே அறிவர். (வெள்ளைக் காலணி போய்க் கறுப்புக் காலணி வந்ததில் சுண்ணம் தேய்க்கும் வேலையாவது மிஞ்சியது.)

சீருடையைப் பற்றி எனக்குப் பெரிய குறை ஏதும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது. நான் சொல்ல வருவது, சீருடை இல்லாத அந்த ஒரு நாளைப் பற்றி.

தமிழ்ப்பள்ளிகளில் தீபாவளிக் கொண்டாட்டம் நடத்துகிறோம். நடத்தத்தான் வேண்டும். கோலமிடுதல், தோரணம் பின்னுதல், முறுக்கு பிழிதல் என்று பிள்ளைகள் கையால் கற்கும் நாள் அது. ஆனால், சில ஆண்டுகளாக அந்நாளுக்கு முன்பே ஓர் அறிவிப்பு வகுப்புப் புலனக் குழுவில் வந்துவிடுகிறது: ‘முதலாம் ஆண்டு மஞ்சள், இரண்டாம் ஆண்டு நீலம், மூன்றாம் ஆண்டு இளஞ்சிவப்பு…’ அதோடு நின்றால் போகட்டும். ‘சிறந்த பாரம்பரிய உடை அணிந்த மாணவருக்குப் பரிசு’ என்று ஒரு வரி சேர்ந்துகொள்கிறது.

அன்றைய நாளின் வருகைப் பதிவேட்டைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஆண்டு முழுவதும் காய்ச்சலோடுகூட வந்துவிடும் மாணவன் ஒருவன் கொண்டாட்ட நாளில் மட்டும் வரவில்லை. மறுநாள் கேட்டால் வயிற்றுவலி என்றான். அடுத்த ஆண்டும் அதே நாளில் வயிற்றுவலி. அவனுடைய தங்கைக்கும்! அவர்களின் தாயார் துப்புரவுப் பணியாளர். வீட்டில் இருந்த ஒரே நல்ல ஜிப்பா சிவப்பு. வகுப்புக்குக் குறித்த வண்ணமோ பச்சை. வலி எங்கே என்பது விளங்கிற்று.

‘பெற்றோர்கள் தாமே ஆடம்பரமாக வாங்குகிறார்கள், நாம் என்ன செய்ய?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. லாரியில் சரக்கேற்றும் ஒரு தந்தை தம் மகளுக்கு 150 ரிங்கிட் கொடுத்துச் சமிக்கி வைத்த லெஹெங்கா வாங்குகிறார் என்றால், அதை ஆடம்பரம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய சிறுவயதில் கிடைக்காத ஒன்றை மகளுக்குக் கொடுக்கிறார். அவர் விருப்பப்பட்டு வாங்கட்டும். பள்ளி சொன்னதற்காக வாங்கும் நிலை வரக்கூடாது என்பதே என் வாதம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். தீபாவளிக்கு முன் மிதிவண்டியில் துணிமூட்டையோடு வியாபாரி வருவார். லயத்து வாசலில் விரிப்பார். அம்மா ஒரே துணியில் ஐந்தாறு கெசம் வெட்டச் சொல்வார். அக்காவுக்குப் பாவாடை, எனக்குச் சட்டை, தம்பிக்குச் சட்டை, மிச்சத்தில் தலையணை உறை. வீடே ஒரே பூப்போட்ட துணியில் நடமாடும். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சம்பள நாளில் வந்து வாங்கிக்கொள்வார் அந்த வியாபாரி. விலையைச் சற்று ஏற்றித்தான் சொல்வார், புனிதர் ஒன்றுமில்லை. ஆனால், எந்த வீட்டில் வேலை இல்லை, எந்த வீட்டில் நோய் என்பது அவருக்குத் தெரியும். அந்த மாதம் கதவைத் தட்டமாட்டார்.

இன்று அதே ‘ஒரே துணி’ திரும்பி வந்திருக்கிறது. மலாய் நண்பர்கள் ‘செடோண்டோன்’ என்பார்களே, குடும்பமே ஒரு வண்ணம், அது பெருநாளிலிருந்து தீபாவளிக்கும் நடந்து வந்துவிட்டது. அன்று மலிவாக முடியும் என்பதற்காக ஒரே துணி. இன்று தந்தைக்கு ஜிப்பா, தாய்க்குச் சேலை, மகளுக்குக் கவுன், கைக்குழந்தைக்கு வேட்டி என நான்கு விலை அட்டைகள். நால்வரில் ஒருவருக்கு அளவு கிடைக்கவில்லையென்றால் நான்கையும் வேறு வண்ணத்தில் தேட வேண்டும். கையில் பணமில்லையா? கைப்பேசியிலேயே மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். எந்த வீட்டில் நோய் என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது.

உடையின் தன்மையையும் பார்க்க வேண்டும். தொடக்கப்பள்ளி வயதில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செண்டிமீட்டர் உயரம் வளர்கிறது. அந்தக் காலத்துத் தையற்காரர் இதை அறிந்தவர். பாவாடையின் கீழே நான்கு விரற்கடை மடித்துத் தைப்பார். பக்கத் தையலிலும் துணி விட்டிருப்பார். அடுத்த தீபாவளிக்கு மடிப்பைப் பிரித்தால் உடை மறுபடியும் பொருந்தும். இன்றைய ஆயத்த ஆடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பிரித்துவிட ஒன்றும் இருக்காது. வாங்கும் முன் உடையைத் திருப்பிப் பார்ப்பது ஒரு நல்ல பழக்கம்.

அடுத்தது துணி. நம் வெயிலில் பாலியெஸ்டர் வலைத்துணியை மூன்று அடுக்காக உடுத்திக்கொண்டு, சமிக்கி கழுத்தை உரச, ஒரு பிள்ளை கொண்டாட்ட நாளில் மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் அழுகை தொடங்கும். நாம் பிடிவாதம் என்கிறோம். மாலையில் அதே உடையோடு மத்தாப்பு கொளுத்துவார்கள். இங்கே பெற்றோர்களின் முழுக் கவனத்தையும் வேண்டுகிறேன். செயற்கை இழைத்துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வாணம் கொளுத்தும் நேரத்திலாவது பிள்ளைக்கு ஒரு பருத்திச் சட்டையை மாற்றிவிடுங்கள். படம் எடுத்து முடித்தாயிற்றல்லவா?

அணிகலன்களும் அப்படித்தான். அட்டையில் கோத்த ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, வளையல் தொகுதி பார்க்க அழகாகவே இருக்கின்றன. மலிவு உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தால் சில பிள்ளைகளின் தோல் ஒத்துக்கொள்வதில்லை. விடுமுறை கழித்து வரும்பொழுது காதுமடலிலும் கழுத்திலும் செந்தடிப்போடு வருவார்கள். கண்ணாடி வளையல் போதுமே!

பேரங்காடியை நான் பகைக்கவில்லை. குளிர்ந்த இடத்தில், பேரம் பேசாமல், போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. தீபாவளிக்கென்று தனிப் பகுதி ஒதுக்கி நம் உடைகளை வைப்பதும் மகிழ்ச்சியே. பிரிக்பீல்ட்சுக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும் பயணம் செய்ய இயலாத ஊர்களில் அது உண்மையான உதவி. ஆனால், மேலே தொங்கும் வாழ்த்துப் பதாகையில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாகத் தமிழ் சிதறிக் கிடப்பதைக் காணும்பொழுது ஆசிரியரின் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. ஒரு தமிழரிடம் காட்டிவிட்டு அச்சிட எவ்வளவு நேரமாகும்?

கழிவு விலையைப் பற்றி ஒரு சொல். ‘70 விழுக்காடு வரை’ என்ற பலகையில் ‘வரை’ என்ற சொல் எறும்பளவில் இருக்கும். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன். ஓர் உடையின் விலை 129.90 ரிங்கிட். 30 விழுக்காடு கழிவு. உறுப்பினர் அட்டை வைத்திருந்தால் அதன்மேல் இன்னும் 20 விழுக்காடு. மொத்தம் எவ்வளவு கழிவு? வகுப்பு ஒரே குரலில் ‘ஐம்பது!’ என்றது. ஐம்பது என்றால் 64.95 கொடுத்தால் போதும். செய்து பார்த்தால் முதற்கழிவுக்குப் பின் 90.93, அதில் 20 விழுக்காடு போக 72.74. உண்மைக் கழிவு 44 விழுக்காடுதான். ‘அப்படியானால் அம்மாவை ஏமாற்றிவிட்டார்களா, டீச்சர்?’ என்று ஒருவன் கேட்டான். ஏமாற்றவில்லை, அம்மா கூட்டினார், கடை பெருக்கியது என்றேன். அன்று மாலை எத்தனை வீடுகளில் பழைய இரசீதுகள் வெளியே வந்தனவோ!

இனி, பள்ளிகள் செய்யக்கூடியது. வண்ணம் குறிக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். படம் எடுத்தால் அழகாயிருக்கும் என்பது ஒன்றே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தப் படத்தில் இல்லாத பிள்ளையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. சிறந்த உடைக்கான பரிசை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் கோலமாவு வாங்கலாம். ஓர் எட்டு வயதுப் பிள்ளை தான் வாங்காத உடைக்காகப் பரிசு பெறுவதில் என்ன சாதனை இருக்கிறது? இழப்பதில் என்ன குற்றம் இருக்கிறது?

உடை மாற்று நாள் ஒன்றைச் சில பெற்றோர் ஆசிரியர் சங்கங்களில் முன்மொழிகிறார்கள். சிறியதாகிப்போன நல்லுடைகளைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்து தொங்கவிடுவது. வேண்டிய அளவை வேண்டியவர் எடுத்துக்கொள்வது. சீருடைக்கு இதைத் தயங்காமல் செய்யலாம். தீபாவளி உடைக்கு எனக்குச் சிறு தயக்கம் உண்டு. மஞ்சள் தடவி உடுத்தும் புத்தாடை என்பது நம் வழக்கம். பிறர் உடுத்தியதை அந்நாளில் கொடுத்தால் வாங்கும் மனம் நோகலாம். அதனால் பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னரோ பின்னரோ, கலைவிழா உடைகளோடு சேர்த்து, எல்லாரும் கொடுத்து எல்லாரும் எடுக்கும் விதமாக வைப்பது நன்று. ஆசிரியரின் பிள்ளையும் அங்கிருந்து ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும். அப்பொழுதுதான் அது தானமாகத் தெரியாது.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வைப்பதற்கு ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம்:

‘தீபாவளிக் கொண்டாட்ட நாளன்று மாணவர்கள் தங்களிடம் ஏற்கெனவே உள்ள, துவைத்த, வசதியான எந்த உடையிலும் வரலாம். பள்ளி விளையாட்டுச் சட்டையும் ஏற்புடையதே. வண்ணக் கட்டுப்பாடு இல்லை. உடைக்கான போட்டி இல்லை. அன்று முறுக்கு பிழியவிருப்பதால் எண்ணெய் பட்டாலும் பரவாயில்லை என்ற உடையே சிறந்தது.’