வழி தெரிந்தும் வழிகாட்டி எதற்கு?

ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் பழைய தந்தி நிலையத்திலிருந்து மேற்கே சோண்டர் மலை வரை செல்வது லாரபிந்தா நடைபாதை. நீளம் ஏறத்தாழ 223 கிலோமீட்டர். வழிநெடுக அடையாளக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். பிறகு வழிகாட்டியும் குழுவும் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெயிலும் தண்ணீரும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது, சில பகுதிகளைக் குழுவாக நடந்து திரும்பிய எங்கள் கருத்து.

பாலை என்றால் கடந்துபோகும் வழி என்றே படித்து வளர்ந்தவர்கள் நாம். அங்கோ அரண்டா மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். நண்பகலில் சிறிது நேரம் மட்டும் இருபுறச் சுவர்களும் தணலாய்ச் சிவக்கும் மலையிடுக்கு ஒன்றுக்கு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் முதல் பள்ளி ஆசிரியையான ஐடா ஸ்டாண்ட்லியின் பெயரை இட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே அது அங்கர்லே அட்வாட்யே. நீரின் இடைவெளி என்று பொருள்.

இந்த மலைகளை உலகுக்குக் காட்டியவர் அரண்டா ஓவியர் ஆல்பர்ட் நமத்ஜிரா (1902-1959). அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய வெண்ணிற மரங்களும் ஊதா மலைகளும் வெள்ளையர் வீட்டுச் சுவர்களை அலங்கரித்தன. அவர் மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கேட்டபோது மறுத்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டவும் விடவில்லை. 1957இல் குடியுரிமை தந்தார்கள். அவ்வுரிமை பெறாத தம் மக்களுக்கு மது கொடுத்தார் என்று 1958இல் சிறைத்தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டே இறந்தார். அவரது ஓவியங்களின் காப்புரிமை குடும்பத்தாருக்கான அறக்கட்டளையை வந்தடைய 2017 வரை ஆயிற்று.

இவற்றை அறியாமல் நடப்பவருக்கு அந்த மலையிடுக்குகள் சிவப்பு நிறம் மட்டுமே. எங்கள் வழிகாட்டி வெள்ளை இளைஞர். பாறைகளின் வயதைச் சரளமாகச் சொன்னார். ஒரு சுனையின் கதையைக் கேட்டோம். "அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை" என்றார். முதலில் ஏமாற்றமாக இருந்தது. இரவு நெருப்பருகே பேசியபோதுதான், அந்தப் பயணத்தில் நாங்கள் கேட்ட மிக நேர்மையான சொல் அதுவே என்று தோன்றியது.

எங்கள் மனக்குறை வேறு. உரிமையுள்ளவர் ஒருவரைக்கூட அத்தனை நாளில் நாங்கள் சந்திக்கவில்லை. பயணத்தை நடத்தியவர்கள் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை. முன்கூட்டிக் கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

போக நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்த மண்ணுக்குரியவர் ஒருவராவது, உரிய ஊதியத்துடன், உங்களோடு நடப்பாரா? இல்லை என்றால் கம்பங்களே போதும்.