ஆகாயத்தில் ஒரு சீட்டுக் கம்பெனி

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் வந்து, 'சார், அடுத்த தீபாவளிக்கு வேண்டிய சாமானுக்கு இப்பவே முழுப் பணத்தையும் குடுத்துடுங்க. வட்டி கிடையாது. ஈடு கிடையாது. கடை நடந்தா சாமான் வரும். மூடிட்டா, உங்க அதிர்ஷ்டம் அவ்வளவுதான்' என்றால் என்ன செய்வீர்கள்? வாசலைக் காட்டுவீர்கள்.

அதே நீங்கள்தான், லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்குப் பத்து மாசம் முன்னாடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு விமான கம்பெனிக்கு முழுப் பணத்தையும் கட்டுகிறீர்கள். 'சல்லிசா முடிச்சிட்டேன்' என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு!

நான் பி.காம். படித்தவன். எனக்கு விமானம் எப்படிப் பறக்கிறது என்று தெரியாது. பணம் எப்படிப் பறக்கிறது என்று கொஞ்சம் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்த 'மலிவு விலையில் கண்டம் விட்டுக் கண்டம்' வியாபாரத்துக்குத் தாத்தா, பிரிட்டனின் ஃப்ரெடி லேக்கர். 1977-ல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டில் கூட்டிப்போனார். ஊரே கொண்டாடியது; 'சர்' பட்டமும் வந்தது. 1982 பிப்ரவரியில் கம்பெனி திவால்.

அடுத்து ஆசியா. ஒயாசிஸ் ஹாங்காங் என்று ஒரு நிறுவனம், 2006 அக்டோபரில் ஹாங்காங்–லண்டன் தொடங்கியது. ஒரு வழிக்கு ஆயிரம் ஹாங்காங் டாலரிலிருந்து, வரி தனி. சகுனம் பாருங்கள்... முதல் விமானம் கிளம்ப வேண்டிய கடைசி நேரத்தில், தன் வான்வெளியில் பறக்க ரஷ்யா அனுமதி மறுத்துவிட்டது. ஒரு நாள் தாமதம். மறு வருஷம் உலகின் முன்னணிப் புதிய விமான நிறுவனம் என்று விருது வாங்கினார்கள். அதற்கும் மறு வருஷம், 2008 ஏப்ரல் 9, கடையைச் சாத்தினார்கள். நஷ்டம் சுமார் நூறு கோடி ஹாங்காங் டாலர்.

ஏர் ஏஷியா எக்ஸ் 2009 மார்ச்சில் கோலாலம்பூர்–லண்டன் வந்தது, 2011-ல் பாரிஸ். 2012 மார்ச்சோடு இரண்டையும் நிறுத்திக்கொண்டது. நார்வேஜியன், லண்டன்–சிங்கப்பூரை 2017 செப்டம்பரில் தொடங்கி 2019 ஜனவரியில் விட்டது. 2021-ல் நெடுந்தூர வியாபாரத்துக்கே கும்பிடு போட்டது. ஐஸ்லாந்தின் 'வாவ்' நம்ம டெல்லிக்கே வந்தது, 13,499 ரூபாயிலிருந்து டிக்கெட் என்று. 2018 டிசம்பரில் ஆரம்பம். மறு மாசமே டெல்லி சேவை நிறுத்தம். 2019 மார்ச் 28-ல் கம்பெனியே இல்லை. வாவ்!

எல்லோரும் முட்டாள்களா? இல்லை. கணக்கு அப்படி.

ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர் என்றால், விமானத்தை இருபத்தைந்து நிமிஷத்தில் திருப்பி அனுப்பி, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நடை கூடுதலாக ஓட்டலாம். மலிவு விமானத்தின் மந்திரமே அதுதான். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு ஒரு நடையே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். அங்கே தரையில் அரை மணி மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? பெரிய கம்பெனிகளும்தான் விமானத்தைச் சும்மா நிறுத்தி வைப்பதில்லை. எரிபொருள் விற்பவன், 'ஐயோ பாவம், சிக்கன விமானம்' என்று விலை குறைக்க மாட்டான். பெரிய கம்பெனியில் முன்வரிசையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற பணக்காரர், பின்வரிசைக்காரர் பாரத்திலும் ஒரு பங்கைச் சுமக்கிறார். துபாயும் தோஹாவும் நாலா திசையிலிருந்தும் ஆள் சேர்த்துத் தங்கள் விமானங்களை நிரப்புகின்றன. ஒற்றைத் தடத்தில் ஓடுகிற சின்ன கம்பெனிக்கு அது கிடையாது. வரியும் சேர்ந்துகொள்ளும். லண்டனிலிருந்து கோலாலம்பூர் கிளம்பும் சாதாரண வகுப்புப் பயணிக்கு 2010 நவம்பர் முதல் பிரிட்டன் அரசு வாங்கியது 85 பவுண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

விதிவிலக்கு இல்லையா? உண்டு. சிங்கப்பூரின் ஸ்கூட் 2017-ல் ஏதென்ஸுக்குப் பறந்தது, நிலைத்தது. பின்னால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற தாய் இருக்கிறாள். தாய் இல்லாத பிள்ளைகள்தான் தெருவில் நின்றன.

நிற்கட்டும், நமக்கென்ன என்கிறீர்களா? இங்கேதான் என் சண்டை ஆரம்பம்.

நீங்கள் முன்கூட்டிக் கட்டிய டிக்கெட் பணம், கணக்குப் புத்தகத்தில் வருமானம் அல்ல. பறக்கும் நாள் வரைக்கும் அது 'பொறுப்பு'ப் பக்கத்தில் நிற்கும் கடன். யாருக்குத் தர வேண்டிய கடன்? உங்களுக்கு. ஆக, நீங்கள் பயணி இல்லை சார், கடன் கொடுத்தவர்! வட்டி வாங்காத, ஈடு கேட்காத, இந்த உலகத்திலேயே சாதுவான கடன்காரர். உங்கள் அக்டோபர் பணத்தில்தான் அவர்கள் மார்ச் மாச எரிபொருள் வாங்குகிறார்கள். நாளைய பயணியின் பணத்தில் இன்றைய பயணியை ஏற்றி அனுப்புவது... இதற்கு நம்மூரில் ஒரு பெயர் உண்டு. சீட்டுக் கம்பெனி. கடைசியில் சேர்ந்தவன் தலையில் துண்டு.

கம்பெனி தள்ளாடுகிறது என்று மோப்பம் வந்தால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எண்ணெய்க்காரர் ரொக்கம் வைத்தால்தான் பெட்ரோல் என்பார். கிரெடிட் கார்டு பணத்தைப் பட்டுவாடா செய்யும் வங்கி, விமானம் பறந்த பிறகு தருகிறேன் என்று பிடித்து வைத்துக்கொள்ளும். விவரம் தெரியாமல் பணத்தை நீட்டுகிற ஒரே ஆள் நாம்தான்.

விழுந்த பிறகு? நம் நாட்டின் 2016 திவால் சட்டத்தில் 53-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சொத்தை விற்றால் முதலில் நடைமுறைச் செலவு. பிறகு தொழிலாளர் பாக்கி, ஈடு வாங்கிய வங்கிகள். பிறகு மற்ற ஊழியர்கள், ஈடில்லாத நிதிக் கடன்கள், அரசு பாக்கி. அதற்கும் பிறகு, 'மீதமுள்ள கடன்கள்' என்ற வரியில் நீங்கள். உங்களுக்குக் கீழே பங்குதாரர்கள் மட்டும்தான். பந்தியில் கடைசி இலை. சாம்பார் வாளி வந்து சேருவதற்குள் காலி.

'ஏழை எளியவன் பறக்கிறது உனக்குப் பொறுக்கலையா?' என்று ஒரு வாசகர் நிச்சயம் கடிதம் போடுவார். ஐயா, பறக்கட்டும்! டிக்கெட் மலிவாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2019 ஏப்ரலில் விழுந்த ஜெட் ஏர்வேஸ் சிக்கன கம்பெனியாகவா இருந்தது? பணக்கார விமானமும் விழும். என் சண்டை விலையோடு இல்லை. பணம் தூங்கும் இடத்தோடு. லாபம் மெல்லிசாக இருக்கிற இடத்தில் ஆபத்து தடிமனாக இருக்கும், அவ்வளவுதான்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? 2025 ஜூலை தொடக்கத்தில் நம்ம இண்டிகோ மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறக்க ஆரம்பித்தது. விமானம் வாடகைக்கு. கொடுத்தது நார்வேயின் நார்ஸ் அட்லாண்டிக். அதுவே மலிவு நெடுந்தூரத்துக்காகப் பிறந்த கம்பெனி! இண்டிகோ விழும் என்று நான் ஆரூடம் சொல்லவில்லை. பெரிய நிறுவனம், நன்றாக இருக்கட்டும். ஆனால் இனி நம் குடும்பங்களும் இந்தச் சந்தையின் வாடிக்கையாளர்கள். விதி எழுதவேண்டிய நேரம் இதுதான். விழுந்த பிறகு அல்ல.

என்ன விதி? புதுசாக யோசிக்கவே வேண்டாம். அடுக்குமாடி கட்டுகிறவர்கள், வீடு வாங்குகிறவரிடம் வாங்கும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று 2016 ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. செங்கல்லுக்கு இருக்கிற காவல் சிறகுக்கு ஏன் கூடாது? டிக்கெட் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். விமானம் கிளம்பியதும் எடுத்துக்கொள்ளட்டும். 'அப்படியானால் நடைமுறை மூலதனத்துக்கு எங்கே போவது?' என்று கேட்பார்கள். வங்கிக்குப் போங்கள் சுவாமி! வட்டி கட்டிக் கடன் வாங்குங்கள். டிக்கெட் ஐந்நூறு ரூபாய் கூடுமா? கூடட்டும். முதலுக்கே மோசம் போவதைவிட அது தேவலை.

பிரிட்டனில் 1973-லிருந்து பயணிகள் பணத்துக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. அதிலும் ஓட்டை. சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் காவல். விமான கம்பெனியிடம் நேராக வெறும் டிக்கெட் வாங்கினால் பெரும்பாலும் இல்லை. அவர்கள் விட்ட ஓட்டையை நாம் அடைக்கலாமே?

அதுவரைக்கும்? பத்து மாசம் முன்னாடி பணம் கட்டாதீர்கள். கட்டினால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். திருப்பிக் கேட்டு முறையிட ஒரு வழியாவது இருக்கும். கம்பெனிக்குப் பின்னால் தாய் இருக்கிறாளா என்று பாருங்கள்.

பெண் கொடுப்பதற்கு முன்னால் ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிற டிக்கெட்டுக்கு ஒரு வருஷத்து பேலன்ஸ் ஷீட்டையாவது விசாரிக்க வேண்டாமா?