நீக்குவதா, விளக்குவதா? பழைய கார்ட்டூன்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2025 மார்ச் மாதம், அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி நிறுவனம் தனது 'மேக்ஸ்' இணையத் திரைச் சேவையிலிருந்து பழைய 'லூனி டியூன்ஸ்' குறும்படங்களை நீக்கியது. 1930 முதல் 1969 வரை தயாரிக்கப்பட்ட படங்கள் அவை. பக்ஸ் பன்னி, டாஃபி டக், டுவீட்டி என்று நம் பெற்றோர் தலைமுறை பார்த்துச் சிரித்த பாத்திரங்கள் எல்லாம் அவற்றில்தான் பிறந்தன. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளால் சந்தாதாரர் எண்ணிக்கை கூடுவதில்லை என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் 'டூபி' என்ற இலவசச் சேவையில் லூனி டியூன்ஸ் மீண்டும் தலைகாட்டியது.

பல்கலைக்கழக மாணவியான நான் இச்செய்தியை வெறும் வணிகச் செய்தியாகப் பார்க்கவில்லை. சந்தா கட்டிப் பார்க்கும் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. நாளை அது இருக்குமா, இருந்தால் முழுமையாக இருக்குமா என்பதை எங்கோ ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது. நம் தம்பி தங்கைகள் எதைப் பார்த்து வளர வேண்டும் என்பதையும் அந்த அலுவலகமே முடிவு செய்யலாமா? இதுதான் என் கேள்வி.

இரண்டு வகை நீக்கம்

பழைய கார்ட்டூன்கள் இரண்டு காரணங்களால் காணாமல் போகின்றன. ஒன்று, மேலே சொன்ன பணக் கணக்கு. மற்றொன்று சங்கடம். 1930களிலும் 40களிலும் வந்த அமெரிக்கக் கார்ட்டூன்கள் பலவற்றில் கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் மெக்சிகோ மக்களையும் இழிவாகக் காட்டும் காட்சிகள் உண்டு. லூனி டியூன்ஸ் வரிசையில் இத்தகைய 11 படங்கள் 1968-ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன.

'டாம் அண்ட் ஜெர்ரி' கதை இன்னும் சிக்கலானது. வில்லியம் ஹன்னா, ஜோசஃப் பார்பெரா இருவரும் 1940 முதல் 1958 வரை 114 படங்களை உருவாக்கினர். அவற்றுள் ஏழு, ஆஸ்கர் விருது பெற்றவை. தொடக்க காலப் படங்களில், டாம் வாழும் வீட்டில் ஒரு கறுப்பினப் பணிப்பெண் வருவார். பெரும்பாலும் அவருடைய கால்களும் துடைப்பமும்தான் திரையில் தெரியும். அந்நாளைய அமெரிக்கத் திரையுலகம் கறுப்பினப் பெண்களுக்குப் போட்டுவைத்திருந்த அச்சில் வார்க்கப்பட்ட பாத்திரம் அது. எதிர்ப்புகள் எழுந்தன, 1952-க்குப் பிறகு அவர் படங்களில் வரவில்லை.

பின்னர் நடந்ததுதான் சிந்திக்க வைக்கிறது. 1960களில் அப்படங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதற்காக, அந்தப் பெண் வந்த இடங்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து, குரலையும் மாற்றினார்கள். அசல் குரல் லிலியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகையுடையது. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் ஏற்கெனவே இடம்பெறவில்லை. இழிவை நீக்கப் போனவர்கள், அதற்குள் உழைத்த ஒரு கலைஞரின் குரலையும் சேர்த்தே துடைத்துவிட்டார்கள்.

வட்டில் இருந்த எச்சரிக்கை

இதற்கு வேறு வழியும் உண்டு என்பதை டிவிடி காலம் காட்டியது. 2003 முதல் 2008 வரை 'லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன்' என்ற பெயரில் ஆறு தொகுப்புகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு வட்டுகள். 2005-இல் வந்த மூன்றாம் தொகுப்பில் நடிகை ஊப்பி கோல்ட்பர்க் தோன்றி முன்னுரை தருகிறார். இப்படங்களில் சில நகைச்சுவைகள் அன்றும் தவறு, இன்றும் தவறு. ஆனால் அவற்றை மறைப்பது, அப்படியொரு பாகுபாடு இருந்ததே இல்லை என்று சொல்வதற்குச் சமம் என்பது அவர் பேச்சின் சாரம். கறுப்பினக் கலைஞர் ஒருவரே அதைச் சொன்னதால் அதற்குத் தனி எடை இருந்தது.

வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிய என் மாமா இத்தொகுப்புகளில் சிலவற்றையும் டாம் அண்ட் ஜெர்ரி வட்டுகளையும் வாங்கி வந்திருந்தார். சென்ற பள்ளி விடுமுறையில் கிள்ளானில் உள்ள சித்தி வீட்டில், அவருடைய பிள்ளைகள் இருவரோடு அமர்ந்து அவற்றைப் பார்த்தேன். பையனுக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. திறன்பேசியில் ஒரு நிமிடக் காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பழகியவர்கள். இவர்களால் பொறுமையாக உட்கார முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது.

'டக் அமக்' என்ற 1953-ஆம் ஆண்டுப் படம் அந்தச் சந்தேகத்தைப் போக்கியது. படம் வரைபவரே டாஃபியை அழிப்பான் கொண்டு அழித்து, வேறு உருவம் கொடுத்துப் படாதபாடு படுத்துவார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கார்ட்டூன கையாலயா வரஞ்சாங்க?" என்று பையன் வியந்தான். 1957-இல் வந்த 'வாட்ஸ் ஆப்ரா, டாக்?' படத்தில் வாக்னரின் இசை முழங்கியபோது, பேச்சில்லாத நேரத்தில்கூட அவர்கள் கண் அசையவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992-இல் சேர்க்கப்பட்ட படம் அது.

பிறகு டாம் அண்ட் ஜெர்ரி. சிறிது நேரத்தில் சின்னவள் கேட்டாள்: "அக்கா, அவங்க முகத்த ஏன் காட்ட மாட்டேங்கிறாங்க?"

படத்தை நிறுத்தினேன். பூனையின் உயரத்திலிருந்து பார்த்தால் நமக்கும் கால்தான் தெரியும் என்றேன். அது பாதி உண்மைதான். அந்தக் காலத்து அமெரிக்காவில் கறுப்பு நிறத்தவர்களை இப்படி வேலைக்காரர்களாக மட்டுமே காட்டிச் சிரித்தார்கள், அவர்களையும் நம்மைப் போல் மனிதர்களாக நினைக்கவில்லை என்று மீதியையும் சொன்னேன். பையன் சற்று யோசித்துவிட்டு, "உப்பின் இப்பின்ல ராஜூவுக்குப் பேர் இருக்கு, முகமும் இருக்கு" என்றான். 2007 முதல் வரும் அந்த மலேசியத் தொடரில் ராஜூ நம் இனத்துப் பையன். உப்பினுக்கும் இப்பினுக்கும் நண்பன். ஒரு சிறுபான்மைச் சமூகத்துக் குழந்தைக்கு, திரையில் தன் சாயலில் ஒருவர் எப்படி வருகிறார் என்பது உறைக்கத்தான் செய்கிறது. எட்டுப் பத்து நிமிடப் படம் ஒன்றால், எந்தப் பாடநூலும் இல்லாமல், இந்த உரையாடல் எங்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெண் வெட்டப்பட்டிருந்தால் கேள்வியும் பிறந்திருக்காது.

யார் முடிவு செய்வது?

"எல்லா வீட்டிலும் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்து விளக்குவாரா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளக்க ஆளில்லாமல் ஆறு வயதுக் குழந்தை தனியே பார்த்தால், கேலி மட்டும்தான் மனத்தில் பதியும். எனவே எல்லாவற்றையும் எல்லா வயதினருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சிறுவர் பக்கத்திலிருந்து சில படங்களை விலக்கி வைப்பதும், தொடக்கத்தில் எச்சரிக்கை போடுவதும் ஏற்கத்தக்கவை. யாருக்கும் சொல்லாமல் அழிப்பதையும், அழித்ததே தெரியாதபடி மாற்றி வரைவதையும்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் கருத்தை அறியாமல் எடுக்கும் முடிவு தவறாகவும் போகலாம். மெக்சிகோ எலியான 'ஸ்பீடி கொன்சாலஸ்' படங்களை, இனச் சித்திரிப்பைக் காரணம் காட்டி அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் 1999-இல் ஓரங்கட்டியது. அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் முன்னின்றவர்கள் லத்தீன் அமெரிக்க வம்சாவளி ரசிகர்களே. அவர்களுக்கு அவன் எல்லாரையும் ஏமாற்றி வெல்லும் வீரன். 2002-இல் அவன் திரும்பி வந்தான்.

நிறுவனங்களும் மெல்ல மாறுகின்றன. 2013-இல் அறிவிக்கப்பட்ட ஒரு டாம் அண்ட் ஜெர்ரி தொகுப்பில் இரண்டு படங்கள் விடுபட்டதால் ரசிகர்கள் கொதித்தனர். அத்தொகுப்பு வெளிவராமலே போனது. 2025-இலோ 114 படங்களும் வெட்டின்றி புளூ-ரே வட்டுகளாக வந்துள்ளன.

வட்டு இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2006 முதல் 2008 வரை தயாரான தனது டிவிடிகளில் சில பழுதாகி ஓடாமல் போவதை 2025-இல் வார்னர் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம் வீடுகளில் வட்டு ஓட்டும் கருவிகளும் குறைந்துவிட்டன. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு போடும் இடமே இல்லை.

ஆகவே, பழைய படங்களைக் காப்பதை நிறுவனங்களின் நல்லெண்ணத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது. பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் இதைத் தங்கள் பொறுப்பாகக் கருத வேண்டும். இடைநிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் வீட்டில் பழைய வட்டுகள் இருந்தால், குப்பையில் போடுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். தம்பி தங்கைகள் எதையாவது பார்க்கும்போது, வாரத்தில் ஓர் அரைமணி நேரமாவது நம் திறன்பேசியை வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருவோம். பழைய கார்ட்டூனில் எது தவறு என்று அவர்களாகவே கண்டுபிடித்துக் கேட்பார்கள். பதில் சொல்ல நாம் அங்கே இருக்க வேண்டும்.