வீராணம் ஏரியும் சயாம் ரயிலும்

பள்ளிப் பருவத்தில் உங்களைக் கவர்ந்த நாவல் எது என்று நம் தமிழ் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் ‘பொன்னியின் செல்வன்’ என்று பதில் வந்துவிடும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். படிவம் மூன்றின் ஆண்டிறுதி விடுமுறையில் ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். “கண்ணு கெட்டுப் போயிடும்டி” என்று அம்மா விளக்கை அணைத்த பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் தொடர்ந்தேன். ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவனோடு கடம்பூர், குடந்தை, தஞ்சை, கோடிக்கரை என்று இலங்கை வரைக்கும் போய் வந்தேன். தமிழ்நாட்டை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால், அந்த ஊர்களின் பெயர்களை இப்போது கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன்.

என் பாட்டியின் அப்பா போன பாதைதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஜப்பானியர் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் அவர். திரும்பி வரவில்லை. பாட்டிக்கு அப்போது மூன்று வயது. அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சியைப் படித்துத் தேர்வும் எழுதினேன். அப்போதும் அது எங்கள் வீட்டு விஷயம் என்று எனக்கு உறைக்கவில்லை.

படிவம் நான்கில் தோழி ஒருத்தியின் வீட்டில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ கிடைத்தது. அதன் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942-இல் தொடங்கிய வேலையை 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் ரயிலேற்றினார்கள். முதலில் கூலி ஆசை காட்டினார்கள், பிறகு வளைத்துப் பிடித்தார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் காட்டிலேயே மடிந்தவர்கள் பலருக்குக் கல்லறைகூடக் கிடையாது.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டியே காலத்தைக் கழித்தவர். மாலையில் ஐந்தடியில் உட்கார வைத்து, சில பக்கங்களாகப் படித்துக் காட்டினேன். முதல் நாளே, “அதுல எங்கப்பா பேரு இருக்கான்னு பாரு” என்றார். இது கதை பாட்டி, பேரெல்லாம் எழுதுகிறவர் வைத்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பரவால்ல, படி” என்றார். எனக்குத் தெரியாத எத்தனையோ செய்திகளை, படிப்பதை இடையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருடைய அம்மா இரண்டு ஆண்டுகள் தாலியைக் கழற்றாமல் காத்திருந்ததை அம்மாவே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

நம் நாட்டு நாவல்களைப் படியுங்கள் என்றால் நண்பர்கள் உடனே, “தரம் போதாதே” என்கிறார்கள். நான் அதை முழுதாக மறுக்க மாட்டேன். சில நாவல்கள் இழுவைதான். சிலவற்றில் பாத்திரங்கள் மேடையேறியவர்கள் போலப் பேசுகிறார்கள். ஆனால், மு.வ.வின் ‘அகல் விளக்கில்’ வேலு பக்கம் பக்கமாக அறிவுரை சொன்னபோது பொறுமையாகக் கேட்டவர்கள்தானே நாம்? நா. பார்த்தசாரதியின் அரவிந்தனும் பூரணியும் நம் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலவா பேசினார்கள்? இருந்தும் அழுதுகொண்டே படித்தோம். பதினைந்து வயதில் தராசு இல்லாமல் படித்தவர்களுக்கு, உள்ளூர் எழுத்தாளர் பெயரைப் பார்த்ததும் மட்டும் எங்கிருந்து தராசு கிடைக்கிறது?

தேர்வுக்காக நாவல் படித்தவர்கள் நிலை வேறு. கருப்பொருள், பாத்திரப் பண்பு, படிப்பினை என்று குறிப்பேடு தயாராக இருக்கும். நாவலைத் திறக்காமலே ‘ஏ’ வாங்கியவர்களை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. கூடுதல் பாடமாக, பள்ளி நேரத்துக்கு வெளியே படித்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால், அப்படிப் படித்த நாவல் யாருக்கும் பிடித்த நாவலாக ஆனதாக நான் கேள்விப்படவில்லை.

என் யோசனை எளியது. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக நாம் நடத்தும் முகாம்களில் கோப்பையும் நற்சான்றிதழும் கொடுக்கிறோம். அதோடு ஒரு மலேசிய நாவலையும் கொடுப்போம். கேள்வித்தாள் வேண்டாம், கட்டுரைப் போட்டியும் வேண்டாம். அதே சயாம் துயரத்தைச் சொல்லும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இருக்கிறது. மருத்துவமனையும் மரணமும் பற்றி ரெ. கார்த்திகேசு எழுதிய ‘அந்திம கால’மும் இருக்கிறது. வந்தியத்தேவனை அவர்கள் எப்படியும் தேடிப் பிடித்துவிடுவார்கள், அவனுக்கு நம் சிபாரிசு தேவையில்லை.

‘சயாம் மரண ரயில்’ இப்போது என் விடுதி அறையில் சொந்தப் பிரதியாக இருக்கிறது. பொன்னியின் செல்வனும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் இரவல் தருவேன். இந்தப் பருவத்தில் நான்கு பேர் கேட்டு வந்தார்கள், நால்வரும் முதல் பாகம் எங்கே என்றுதான் கேட்டார்கள்.