பெயர் சொல்லாத மூலிகை

'உணவே மருந்து' என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. இஞ்சியும் மிளகும் சீரகமும் நம் அடுக்களையில் மருந்தாகவும் விளங்குகின்றன. ஆயினும் அக்கொள்கையில் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது. உண்பவர் தாம் உண்பது இன்னதென அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் உண்ணும் மூலிகை சில வேளைகளில் நஞ்சாகிவிடும்.

இதற்குத் தில்லி மாநகரே சான்று. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்குப் பலருக்குக் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது, இதயம் தளர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் உண்டது வழக்கமான கடுகெண்ணெயில் சமைத்த உணவே. அவ்வெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது.

மஞ்சள் நிறப் பூவும் முள் நிறைந்த இலையும் உடைய பிரமதண்டு, தமிழ்நாட்டின் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வளர்வது. சித்த மருத்துவத்தில் பயன்படுவது. அதன் விதையோ கடுகைப் போலவே தோன்றும். எண்ணெயாக ஆட்டியபின் அதனைக் கண்ணால் கண்டறிதல் இயலாது.

கண் காணாததை வேதியியல் காட்டுகிறது. ஆய்வகத்தில் எண்ணெயுடன் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் குலுக்குவர். பிரமதண்டு எண்ணெய் கலந்திருப்பின் அமிலப் பகுதி செம்பழுப்பு நிறம் அடையும். கலப்பு மிகச் சிறிதாயின் மென்படல வண்ணப்பிரிகை என்னும் நுண்ணிய முறை உதவும். தகட்டில் பூசிய மெல்லிய படலத்தின்மீது எண்ணெயிலுள்ள பொருள்கள் வெவ்வேறு தொலைவு நகர்ந்து பிரியும். அவற்றுள் சாங்குவினரின் என்னும் நச்சுப்பொருள் புற ஊதா ஒளியில் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

'வயலில் தானே முளைத்த செடி அறுவடையில் கலந்துவிட்டது' என்று வணிகர் கூறலாம். நிகழ்ந்தது தற்செயலா, பேராசையா என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். உண்டவர் உடலுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஆகவே, இத்தகைய ஆய்வு நோய் பரவியபின் நடைபெறுவதைவிட, பொருள் கடைக்கு வருமுன்னரே நடைபெறுதல் வேண்டும். அதற்காகும் செலவு உயிரின் விலையைவிடப் பெரிதன்று.

பொட்டலமிட்ட உணவின் உறையில் அதன் உட்பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்பது இந்நாட்டின் விதி. எனவே 'மூலிகைப் பானம்' என்று பொதுவாக எழுதுவது போதாது. எந்த மூலிகை என்று பெயர் சொல்ல வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் அறியாத தாத்தா பாட்டியருக்கு அவ்வெழுத்துகளைப் படித்துச் சொல்பவர்கள், பிற மாநிலங்களில் வாழும் பல தமிழ் வீடுகளில், பிள்ளைகளே. பிள்ளை பிழையின்றிப் படித்தாலும் உறை உண்மையை மறைத்திருந்தால் பயன் என்ன? அவ்வுண்மைக்குக் காவல் நிற்க வேண்டியது ஆய்வகமே. படிப்பது வீட்டின் கடமை. படிப்பது மெய்யாயிருக்கச் செய்வது அரசின் கடமை.