பேராசிரியரின் பீரோ யாருடைய சொத்து?

சென்ற ஆண்டு விருதுநகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்று, பின்னர் மறைந்த ஒரு பேராசிரியரின் வீடு. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களிடம் அவர் எடுத்த பேட்டிகள், கோயில் வழக்குகளின் நகல்கள், ஊர் ஊராக எழுதிய நோட்டுகள் எல்லாம் இரண்டு பீரோ நிறைய இருந்தன. என் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவை தேவை.

"எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார் மகன். சொன்னேன். "அதுல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். பீரோ திறக்கவில்லை. "அப்பா பேப்பரையெல்லாம் எங்க சங்கத்துக்குக் குடுக்கிறதா முடிவு பண்ணிட்டோம்" என்றார். சங்கம் என்றால் சாதிச் சங்கம்.

குடும்பச் சொத்து, யாருக்குக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். மேசை நாற்காலி என்றால் கேள்வியே இல்லை. ஆனால் அந்த ஆய்வு நடந்தது மக்கள் வரிப்பணத்தில் வந்த சம்பளத்தில். அந்த நோட்டுகளில் பேசுபவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொன்னது ஒரு ஆசிரியரிடம், ஒரு சாதியிடம் அல்ல.

ஆவணம் தானாக உருவாவதில்லை, தோழர்களே. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். இடையில் 1899 ஜூனில் சிவகாசியே சூறையாடப்பட்டது. ஒடுக்கப்பட்ட அந்தச் சமூகம் மகமை திரட்டியது, வழக்காடியது, சங்கம் கட்டியது. அதனால் காகிதம் மிஞ்சியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1969இல் அவர்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுத முடிந்தது. அது நியாயமான வரலாறுதான்.

அதே மண்ணில் பட்டாசுத் தொழிலாளிக்கு என்ன மிஞ்சியது? 2012இல் முதலிப்பட்டி. 2021இல் அச்சங்குளம். ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் ஒரு எஃப்.ஐ.ஆர்., ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஒரு நிவாரணப் பட்டியல். பெயர், வயது, தொகை. ஆலைகளில் மருந்து கலப்பவர்களில் கணிசமானோர் தலித்துகள். கருகிச் செத்தால்தான் அவர்கள் பெயர் அரசுக் காகிதத்தில் ஏறுகிறது. உயிரோடு அவர்கள் பேசியது இத்தகைய பேராசிரியர்களின் நோட்டுகளில்தான் இருக்கிறது.

வட்டார வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கா.அ.மணிக்குமார் சான்று. 1957 செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். விருதுநகரும் சிவகாசியும் அன்று அதே ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்தக் கொலையையும் முதுகுளத்தூர் கலவரத்தையும் பற்றிய மணிக்குமாரின் ஆங்கில நூல் வந்தது 2017இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் அந்த வரலாற்றை மேடையில் ஆளாளுக்கு வளைத்தார்கள். ஆவணத்தைச் சாதிச் சங்கத்தின் கையில் விட்டால் நடப்பதும் அதுதான். தங்களுக்குப் பெருமை தருகிற பக்கத்தை அச்சடிப்பார்கள், மற்றதைக் கரையான் தின்னும்.

நம்மிடம் வேறு மரபும் உண்டு. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' இதழை எந்தப் பல்கலைக்கழகமும் கொண்டாடவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைப் பாதுகாத்து வைத்தார்கள். 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து அவை நூலாக வந்தன. அதன் பிறகுதான் தமிழ்ச் சிந்தனை வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. காத்தவர்கள் பூட்டி வைப்பதற்காகக் காக்கவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது எளிமையானது. ஓய்வு பெறும் பேராசிரியர்களின் களக் குறிப்புகளைப் பல்கலைக்கழக நூலகங்கள் கேட்டுப் பெறட்டும். ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைக்கட்டும். பேராசிரியர்களே, உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

அந்த வீட்டில் நான் சொல்லாமல் வந்த ஒரு செய்தி உண்டு. பேராசிரியர் எங்கள் தெருவுக்கும் வந்திருக்கிறார். அவரிடம் பேசியவர்களில் என் அப்பத்தாவும் ஒருத்தி. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே ஒரு மதியம் முழுக்கப் பேசினாளாம். அவள் இப்போது இல்லை. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் பேசிய பேச்சு எங்காவது எழுத்தில் இருக்கிறது என்றால், அந்தப் பீரோவில்தான் இருக்கிறது.

அதைப் படிக்க நான் எந்தத் தெரு என்று யாரும் கேட்கக் கூடாது.